ஊற்றிக் கொடுத்து உயர்கல்வி

விழுப்புரத்துக்குப் பக்கத்தில், பம்பையாற்றங்கரையில் இருக்கிற எங்கள் திருவாமாத்தூருக்குப் புகழ் ஒன்றும் புதிதில்லை. தேவார மூவரும் பாடிய ஊர். இரட்டைப் புலவர்கள் கலம்பகம் பாடிய ஊர். ஒருவருக்குக் கண் தெரியாது, மற்றவருக்குக் கால் வராது. ஒருவர் தோளில் ஒருவர் ஏறிக்கொண்டு ஊர் ஊராகப் போய்ப் பாடிப் பிழைத்தார்கள். கோயில் இருக்கும் கரையை அவர்கள் மாற்றிப் பாடிவிட்டார்கள் என்றும், கேட்டவர்கள் சிரித்தார்கள் என்றும், பிறகு வெள்ளம் வந்து ஆறே இடம் மாறி ஓடிப் பாட்டை மெய்யாக்கியது என்றும் கதை. சொன்ன சொல்லுக்காக ஆறே நகர்ந்து கொடுத்த ஊரில் பிறந்தவர்களுக்கு, வெளிநாட்டுப் படிப்பு ஏஜென்சிக்காரர் சொல்வதை நம்புவதில் என்ன கஷ்டம் இருந்துவிடப் போகிறது?

இன்னொரு பெருமையும் உண்டு. 1839இல் திருநெல்வேலியில் பிறந்து, ஊர் ஊராகத் திரிந்து, கடைசியில் எங்கள் ஊரில் கௌமார மடம் அமைத்துத் தங்கி, 1898இல் இங்கேயே அடங்கியவர் வண்ணச்சரபம் தண்டபாணி சுவாமிகள். ஏராளமாகப் பாடியவர். பாடியவற்றில் ‘ஆங்கிலியர் அந்தாதி’ என்று ஒன்று. வெள்ளைக்காரன் ஆட்சி கொடிகட்டிப் பறந்த காலத்தில், அவன் பெயரையே தலைப்பில் வைத்து அவனைச் சாடிய நெஞ்சுரம் அது. அந்தச் சாமியார் அடங்கிய மண்ணிலிருந்துதான் இப்போது பிள்ளைகள் விமானம் ஏறி, அதே ஆங்கிலேயருக்கு நுரை வழியாமல் பீர் ஊற்றிக் கொடுக்கப் போகிறார்கள். வரலாற்றுக்குக் கணக்குத் தீர்க்கத் தெரிந்திருக்கிறது.

யூகே, அயர்லாந்து, ஆஸ்திரேலியா. பகலில் மாஸ்டர்ஸ், ராத்திரியில் பார். “செலவுக்கும் காசு வந்துரும், இங்கிலீஷும் டெவலப் ஆயிடும்.” ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்று ஊர் முழுக்கப் பேச்சு. இந்த ஏற்பாட்டைக் கண்டுபிடித்தவர் யார் என்று தெரிந்தால் விழுப்புரம் நான்கு முனை சந்திப்பில் ஒரு சிலை வைக்கலாம். ஒரு கையில் புத்தகம், மறு கையில் பாட்டில் திறப்பான்.

முதல் மாலையை நம்முடைய ஆங்கிலக் கல்விக்குத்தான் போட வேண்டும். அது மட்டும் தன் வேலையை ஒழுங்காகச் செய்திருந்தால் இந்தப் பிள்ளைகளுக்கு வெளிநாடு போகிற யோகம் வாய்த்திருக்குமா? 1968இல் சட்டமன்றம் இருமொழிக் கொள்கை என்று தீர்மானம் போட்டது. தமிழும் ஆங்கிலமும் போதும், உலகத்தோடு பேசுவதற்கு ஆங்கிலம் இருக்கிறது என்றார்கள். நல்ல தீர்மானம். அதன்படி எங்கள் பிள்ளை ஒன்றாம் வகுப்பில் ஆங்கிலத்தைத் தொட்டு, பன்னிரண்டு வருடம் விடாமல் படித்தான். ஆக்டிவ் வாய்ஸை பாஸிவ் வாய்ஸாக மாற்றுவதில் அவனை மிஞ்ச ஆளில்லை. செய்வினையைச் செயப்பாட்டுவினை ஆக்கத் தெரிந்தவனுக்கு, ஒரு செய்வினை வாக்கியத்தைத் தானாகச் சொல்ல வேண்டிய தேவை மட்டும் வந்ததே இல்லை. ஆங்கில வாத்தியார் ஆங்கிலத்தைத் தமிழில் நடத்தினார், கைடு இருந்தது, கட்டுரை மனப்பாடம் ஆனது, மார்க் வந்தது. பிறகு நான்கு வருடம் மெக்கானிக்கல் என்ஜினியரிங், முழுக்க ஆங்கில வழி. அதாவது புத்தகம் ஆங்கிலத்தில், பேராசிரியர் தமிழில், தேர்வுத்தாளில் இரண்டும் கெட்டான். ஆக மொத்தம் பதினாறு வருடம். கேம்பஸ் இன்டர்வியூவில் ‘உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்று ஆங்கிலத்தில் கேட்டபோது அவனுக்குத் தன் பெயருக்கு மேல் எதுவும் வரவில்லை. இவ்வளவு அடக்கத்தை வேறு எந்தக் கல்விமுறையால் தர முடியும்?

தண்டபாணி சுவாமிகள் பிறந்த அதே 1839இல்தான் போப் ஐயர் என்று நாம் சொல்கிற ஜி.யு.போப் கப்பலேறி இங்கே வந்தார். பத்தொன்பது இருபது வயசு. பிறகு திருக்குறளையும் திருவாசகத்தையும் ஆங்கிலத்தில் கொண்டுபோனார். பாவம், அவருக்கு வழிகாட்ட அன்றைக்கு நல்ல ஏஜென்சி இல்லை. இருந்திருந்தால் பண்டிதர்களிடம் உட்கார்ந்து இலக்கணம் பயிலும் வேலையெல்லாம் வைத்துக்கொள்ளாமல், தூத்துக்குடிப் பக்கம் ஒரு கள்ளுக்கடையில் சேர்ந்து கலயம் கழுவியே தமிழை முடித்திருப்பார்.

பதினாறு வருடம் கொடுக்க முடியாத ஒன்றைப் பார் ஆறே மாதத்தில் கொடுக்கிறது என்பதுதான் இந்தக் கல்வியின் மகிமை. எப்படிக் கொடுக்கிறது என்பதைக் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும்.

முதலில் கின்னஸ். கறுப்பு பீர். கிளாஸைச் சாய்த்துப் பிடித்து முக்கால் அளவு நிரப்ப வேண்டும். பிறகு கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். உள்ளே பழுப்பாகப் புகைபோல் கலங்கி, மெல்ல மெல்ல அடியிலிருந்து கறுத்து, மேலே வெண்ணுரை தனியாகப் பிரியும். அதன்பிறகுதான் மீதியை ஊற்றுவது. முழு வேலைக்கும் 119.5 நொடி என்று அந்தக் கம்பெனியே கணக்குச் சொல்லி விளம்பரம் செய்தது. நாலு வருடம் ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் படித்தவன், ஒரு திரவம் குழாயிலிருந்து வருவதை முதன்முதலாகக் கண்ணால் பார்க்கிறான். நிலவறையில் ஐம்பது லிட்டர் பீர் உருளை காலியானால் இறங்கிப் போய் வேறொன்றை உருட்டிவந்து, கேஸ் அழுத்தம் பார்த்து மாட்டுகிறான். எங்கள் பக்கத்துக் கல்லூரிகளில் லேப் வசதி இல்லை என்று யார் சொன்னது? கொஞ்சம் தொலைவில் இருக்கிறது, அவ்வளவுதான்.

மொழிப்பாடத்துக்கு வருவோம். ஐ.இ.எல்.டி.எஸ். தேர்வில் கேட்கும் திறனைச் சோதிக்க ஹெட்போன் மாட்டி அரை மணி நேரம் சுத்தமான உச்சரிப்பில் பேசுவார்கள். பாரில் ஹெட்போன் இல்லை. டிவியில் கால்பந்து, மூலையில் பாட்டு, கௌண்டரில் முட்டி மோதுகிற கூட்டம், அதற்கு நடுவில் கிளாஸ்கோக்காரரோ நியூகாசில்காரரோ நாலாவது பைண்ட்டுக்கு அப்பால் நின்றுகொண்டு பேசுகிற ஆங்கிலம். அதை லண்டன்காரனே பாதி விட்டுவிடுவான். நம் பையன் உதட்டைப் பார்க்கிறான், கை எந்தக் குழாயைக் காட்டுகிறது என்று பார்க்கிறான், தலையாட்டிவிட்டு ஊற்றுகிறான். தப்பாக ஊற்றினால் திட்டு. அந்த வகையில் ஆங்கிலச் சொல்வளமும் பெருகுகிறது. அகராதியில் இடம் கிடைக்காத சொற்களைக்கூட உரிய ஏற்ற இறக்கத்தோடு அவன் கற்றுக்கொள்கிறான்.

பேசும் திறன்? அதுவும் உண்டு. சேம் அகெய்ன்? எனிதிங் எல்ஸ்? கார்ட் ஆர் கேஷ்? ஐஸ்? ஐடி ப்ளீஸ். சாரி, வீ ஆர் க்ளோஸ்ட். ஏறக்குறைய பத்து வாக்கியம். இந்தப் பத்துக்கு மேல் அவனிடம் யாரும் எதிர்பார்ப்பதில்லை. ஒரு மொழியை இத்தனை சிக்கனமாக நடத்தி முடிக்கலாம் என்று தெரியாமல் நம் பாடநூல் குழுக்கள் வருஷா வருஷம் காகிதத்தை வீணடிக்கின்றன.

ஆனால் பார் கற்றுத் தருவது ஆங்கிலத்தை மட்டும் என்று சொன்னால் அது நன்றி கெட்டதனம். கிளாஸ் கழுவுகிறவர் நேபாளி. கிச்சனில் இருவர் பஞ்சாபி. ஷிப்ட் மேனேஜர் குஜராத்தி. இவர்கள் தங்களுக்குள் பேசுவது இந்தி; பையனையும் அதில் சேர்த்துக்கொள்கிறார்கள், அன்பான மனிதர்கள். மூன்று மாதத்தில் அவனுக்கு இந்தி சரளமாக வந்துவிடுகிறது. 1937இல் தொடங்கி 1965 வரை தமிழ்நாடே தெருவில் நின்று தடுத்து நிறுத்திய ஒன்றை, பர்மிங்ஹாமில் ஒரு பாத்திரம் கழுவும் தொட்டி ஓசைப்படாமல் சாதித்துவிட்டது. வேலை முடிந்து வீட்டுக்குப் போனால் அங்கே எட்டுப் பேர், எட்டும் தமிழ்: ஒருவன் செஞ்சி, ஒருவன் திண்டிவனம், ஒருவன் பண்ருட்டி. சாம்பார், சீரியல், ஐ.பி.எல். சண்டை, எல்லாம் தாய்மொழியில். ஆங்கிலம் பழகப் போன இடத்தில் தமிழைக் கைவிடாமல் இந்தியையும் சேர்த்துக்கொண்டு வருகிறவனை மும்மொழி வித்தகன் என்று பாராட்டாமல் வேறு எப்படிச் சொல்வது?

சட்ட அறிவும் கிடைக்கிறது. பதினெட்டு வயசு ஆனவனுக்கு அங்கே குடிக்க உரிமை உண்டு. ஆனால் இருபத்தைந்துக்குக் கீழே தெரிகிற யாராக இருந்தாலும் அடையாள அட்டை கேட்டுவிடு என்பது கடைகளின் வழக்கம். தனக்கே இருபத்திரண்டு நடக்கிற பையன், ஆறடி உயரத்தில் நிற்கிற வெள்ளைக்காரனைப் பார்த்து ஐடி கேட்கிற காட்சியைத் தண்டபாணி சுவாமிகள் பார்த்திருந்தால் அந்தாதியில் ஒரு பாட்டைக் குறைத்திருப்பார். ஏற்கெனவே போதை தலைக்கேறியவனுக்கு மேலும் ஊற்றினால் அது ஊற்றியவன்மேல் குற்றம். இங்கிலாந்தின் 2003ஆம் வருடத்து உரிமச் சட்டம் அப்படிச் சொல்கிறது. அதே 2003, நவம்பர் மாதம், இங்கே மதுச் சில்லறை விற்பனையை டாஸ்மாக் மூலம் அரசே ஏற்று நடத்தத் தொடங்கியது. ஒரே வருடத்தில் இரண்டு அரசுகளும் குடியைப் பற்றி ஆழமாகச் சிந்தித்திருக்கின்றன. அங்கே, விற்கிறவன் எப்போது மறுக்க வேண்டும் என்று யோசித்தார்கள். இங்கே, யார் விற்க வேண்டும் என்று யோசித்தார்கள்.

இனி, பணம். அந்தத் துறையில் இந்தக் கல்வியின் சாதனை எல்லாவற்றையும்விடப் பெரிது.

எங்கள் கோயிலில் வட்டப்பாறை என்று ஒன்று இருக்கிறது. அதன் முன் நின்று பொய்ச் சத்தியம் செய்தால் தப்ப முடியாது என்பது இந்தப் பக்கத்தில் ரொம்பக் காலமாக இருந்துவரும் நம்பிக்கை. ஒரு கதை சொல்வார்கள். தம்பிக்குச் சேர வேண்டியதை அமுக்கிக்கொண்ட அண்ணன், வட்டப்பாறைக்குச் சத்தியம் செய்ய வந்தான். வரும்போதே பொன்னைத் தன் கைத்தடிக்குள் ஒளித்துவைத்துப் பூண் போட்டுவிட்டான். சத்தியம் செய்கிற நேரத்தில், “இதைக் கொஞ்சம் பிடி” என்று தடியைத் தம்பி கையில் கொடுத்துவிட்டு, “அவனுடையது என்னிடம் இல்லை, அவன் கையிலேயே இருக்கிறது” என்று பாறைமேல் அடித்துச் சொன்னான். சொன்னது மெய்தானே. முடிந்ததும் தடியை வாங்கிக்கொண்டு நடையைக் கட்டினான்.

யூகே மாணவர் விசாவுக்கு, படிப்புச் செலவுக்கும் வாழ்க்கைச் செலவுக்குமான பணம் வங்கிக் கணக்கில் தொடர்ந்து 28 நாள் இருந்ததாகக் காட்ட வேண்டும். எங்கள் பக்கத்துச் சம்சாரிக்கு இருபது முப்பது லட்சம் ஏது? அதற்கென்று ஆள் இருக்கிறார்கள். ஷோ மணி என்று பெயர். கணக்கில் பணம் வந்து உட்காரும். 28 நாள் அசையாமல் இருக்கும். ஸ்டேட்மென்ட் எடுத்ததும் வட்டியோடு எழுந்து போய்விடும். கேட்கிறவருக்குப் பையன் சொல்லலாம்: பணம் என் கையில்தான் இருந்தது. மெய்தானே. நூற்றாண்டுகளுக்கு முன்னால் எங்கள் ஊர்க் கதை கண்டுபிடித்த நுட்பத்தை நிதித்துறை இவ்வளவு அழகாகக் காப்பாற்றி வருவதைப் பார்க்கும்போது உடம்பு சிலிர்க்கிறது. கதையில் அந்த அண்ணனைப் போகிற வழியில் பாம்பு தீண்டியது. இப்போது காலம் முன்னேறிவிட்டது. கடித்துவிட்டு ஒரேயடியாகப் போகிற பாம்பு கிடையாது, மாதா மாதம் வருகிற தவணைதான்.

கல்விக்கடன் ஏழரை லட்சத்தைத் தாண்டினால் சொத்து அடமானம் கேட்பது வங்கிகளின் வழக்கம். ஏழரை என்ற எண்ணை யார் தேர்ந்தெடுத்தார்களோ, ஜோசியம் தெரிந்தவராக இருக்க வேண்டும். அப்பா பட்டா, சிட்டா, வில்லங்கச் சான்று எல்லாவற்றையும் மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு விழுப்புரத்துக்கு நடையாய் நடந்தார். கரும்பு போட்டிருந்த நிலம். வெட்டுக்கூலிக்குக் கட்டுப்படியாகவில்லை என்று மூன்று வருடமாகப் புலம்பிக்கொண்டிருந்தவருக்கு, அந்த நிலத்தால் ஒருவழியாகப் பயன் வந்தது.

பையன் சம்பாதித்து அடைத்துவிடுவான் என்றார்கள். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கல்லூரி நடக்கும் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம்தான் வேலை செய்யலாம். 2025 ஏப்ரலில் அங்கே 21 வயசு நிரம்பியவர்களுக்குக் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12.21 பவுண்டு ஆனது. வாரத்துக்கு 244 பவுண்டு சொச்சம். அந்த இருபது மணிக் கணக்கில் 52 வாரமும் காய்ச்சல் தலைவலி இல்லாமல் ஊற்றினாலும் 12,698 பவுண்டு. ஒரு வருட மாஸ்டர்ஸுக்கு வெளிநாட்டு மாணவர்களிடம் வாங்குகிற கட்டணம் பல இடங்களில் 15,000 பவுண்டைத் தாண்டும். சாப்பிடாமல், வாடகை கொடுக்காமல், பஸ் ஏறாமல் இருக்கத் தெரிந்த பிள்ளை என்றால் பாக்கி ரொம்ப இல்லை. போவதற்கு முன்பே வருடத்துக்கு 776 பவுண்டு மருத்துவக் கட்டணமும் கட்டியிருக்கிறான். ஆகவே பட்டினியால் உடம்புக்கு ஏதாவது வந்தாலும் கவலை இல்லை.

உள்ளூர் மாணவனிடம் வாங்கும் கட்டணத்துக்கு இங்கிலாந்து அரசு இளங்கலையில் உச்சவரம்பு வைத்திருக்கிறது. வெளியூர்க்காரனுக்கு வரம்பு இல்லை. இதைத்தான் விருந்தோம்பல் என்பது. சேர்த்துவிட்ட ஏஜென்சிக்குப் பல்கலைக்கழகம் கமிஷன் தருகிறது. பல்கலைக்கழகத்துக்குக் கட்டணம், ஏஜென்சிக்குக் கமிஷன், பாருக்குக் குறைந்த கூலியில் என்ஜினியர், வங்கிக்கு வட்டி. சங்கிலியில் ஒருவருக்குக்கூட நட்டம் இல்லை. கடைசிக் கண்ணியில் இருப்பவருக்கு மட்டும் ஆங்கிலம் கிடைக்கிறது.

மானத்துக்கும் பங்கம் வராத வேலை. இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். விழுப்புரத்திலிருந்து நாற்பது கிலோமீட்டரில் புதுச்சேரி. அங்கே பாருக்குப் பஞ்சமில்லை, பிரெஞ்சுக்காரன் முதற்கொண்டு வெளிநாட்டவர் வந்து உட்காருகிறார்கள். ஆனால் டவுன் பஸ்ஸும் இன்னொரு பஸ்ஸும் மாறிப் போய்வருகிற இடத்தில் எக்ஸ்போஷர் எப்படிக் கிடைக்கும்? விழுப்புரத்திலேயே டாஸ்மாக் பாரில் டேபிள் துடைக்கிற பையனுக்குப் பெண் கொடுக்க ஆள் இல்லை; அவனுடைய சொந்தத் தாய்மாமனே பார்க்காததுபோல் போகிறார். அதே துணி, அதே டேபிள், அதே வாந்தி கோவென்ட்ரியில் இருந்தால் மாப்பிள்ளை லண்டன். (எந்த ஊராக இருந்தாலும் லண்டன்தான். திருவாமாத்தூர்க்காரன் சென்னையில் போய் ‘விழுப்புரம்’ என்று சொல்கிற மாதிரி.) போன தை மாதம் ஒரு பெண் வீட்டார் வந்திருந்தார்கள்.

“மாப்பிள்ளைக்குக் குடிப்பழக்கம் கிடக்கம்...?”

“சேச்சே. அவனா? பாட்டிலைத் தொட்டாலே பில்லு போட்டுத்தான் தொடுவான்.”

சொன்னவர் தாய்மாமன். வட்டப்பாறைப் பாரம்பரியம் ரத்தத்தில் இருக்கிறது.

அம்மாவிடம் பையன் சொல்வதும் அந்த வழியில்தான். ஞாயிற்றுக்கிழமை வீடியோ கால்.

“இன்னாடா வேல அங்க? கையெல்லாம் இப்படி வெடிச்சிக் கெடக்குது?”

“குளிரும்மா. கஸ்டமரைப் பாக்கற வேல.”

“கம்ப்யூட்டர்லயா?”

“ஆமாம்மா. பில்லு எல்லாமே கம்ப்யூட்டர்லதான்.”

அம்மாவுக்கு நிறைவு. எங்கள் கோயில் அம்மன் முத்தாம்பிகைக்குப் புடவை சாத்தினார்.

நமது அரசு மனம் வைத்தால் இவ்வளவு செலவே தேவையில்லை என்று எனக்கு ஒரு யோசனை தோன்றியது. 2003இல் டாஸ்மாக்குக்கு ஆள் எடுத்தபோது பட்டதாரிகளைத்தான் மேற்பார்வையாளராகப் போட்டார்கள். இரும்புக் கம்பிக்குள் படித்தவர் தயாராக உட்கார்ந்திருக்கிறார். கம்பிக்கு வெளியே வாடிக்கையாளர். இரண்டாவது குவாட்டர் இறங்கியதும் நம் ஆட்கள் தானாகவே ஆங்கிலத்துக்கு மாறிவிடுவதைத் தமிழ்நாட்டில் பார்க்காதவர் யார்? பள்ளிக்கூடம் பன்னிரண்டு வருடத்தில் அவர் வாயிலிருந்து வரவழைக்க முடியாத முழு வாக்கியம், எழுவாய் பயனிலையோடு, யாரும் கேட்காமலே வருகிறது. “ஐ ஆம் நாட் ட்ரங்க்” என்று அவர் சொல்லும்போது இலக்கணத்தில் ஒரு பிழை காட்ட முடியாது. 2023-24இல் மட்டும் 45,000 கோடி ரூபாய்க்கு மேல் அரசுக்கு வருவாய் தந்த நிறுவனம். அதில் ஒரு துளியைக் கிள்ளி, கடைக்குக் கடை ஒரு சேவைக்கவுண்டரைப் போட்டு, பட்டம் முடித்த பிள்ளைகளை மாலை ஆறு முதல் பத்து வரை நிறுத்திவைத்தால் போதும். ஊற்றவும் பழகலாம், பேசவும் பழகலாம். ராத்திரி கடைசி டவுன் பஸ்ஸில் வீட்டுக்கு வந்து அம்மா கையால் சாப்பிடலாம். நிலமும் நம் பெயரிலேயே இருக்கும்.

இதை அந்த ஏஜென்சிக்காரத் தம்பியிடம் சொன்னேன். விழுப்புரத்தில் மாடி அலுவலகம், கண்ணாடிக் கதவு, சுவரில் பெரிய மணிக்கூண்டுப் படம். பொறுமையாகக் கேட்டார். நல்ல பிள்ளை, டீ வாங்கிக் கொடுத்தார்.

“நல்ல ஐடியாதான் சார்,” என்றார். “ஆனா இதுக்கு ஆஃபர் லெட்டர் வராதே?”